இறக்க ஆளில்லாத கொடி

பெரிய வெள்ளிக்கிழமையன்று யாரிடமும் கோபப்படக் கூடாது என்று மைக்கேல்ராஜ் விடியும்போதே தீர்மானம் செய்திருந்தார். அந்தத் தீர்மானம் ராணுவ கேட் வரைக்கும்தான் தாங்கியது.

ஒத்தக்கடை தாண்டி உள்ளே பிரியும் மண்ரோட்டின் கடைசியில் இருக்கிறது குருசுப் பாறை. உச்சியில் ஒரு கல் சிலுவை. பங்கு மக்கள் வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று பாட்டும் ஜெபமுமாக அதுவரை ஏறி, சிலுவைப் பாதை முடித்து இறங்குவார்கள். சுற்றியிருந்த பொட்டல்காட்டைத் துப்பாக்கி சுடப் பழகும் இடமாக ராணுவம் வளைத்தபோது, பாறையும் முள்கம்பிக்குள் போய்விட்டது. போகட்டும், அனுமதி வாங்கிக்கொண்டு ஏறலாம் என்றார்கள். அந்த அனுமதியை வாங்கித் தருவது பங்குப் பேரவைச் செயலாளரான மைக்கேல்ராஜின் தலையில் விடிந்தது.

அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க். ஜெராக்ஸ் இல்லாமல் வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவர். அப்பேர்ப்பட்டவரையே அந்த ராணுவ அலுவலகம் அழ வைத்தது. சுண்ணாம்பு அடித்த கற்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும், கீழே கிடக்கும் தோட்டாக் கூடு எதையும் பொறுக்கக் கூடாது, மைக் செட் கூடாது, வெயில் ஏறுமுன் வெளியேறிவிட வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள் என்ற இடத்தில் ‘மரச் சிலுவை’ என்று எழுதினார். எத்தனை அடி என்று கேட்டார்கள். அளந்து எழுதினார். கொண்டுபோகும் பொருளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்று தனியாக உறுதிமொழி கேட்டார்கள். கல்வாரிக்கே இத்தனை கெடுபிடி இருந்திருக்காது என்று முணுமுணுத்தபடி அதையும் எழுதிக் கொடுத்தார்.

இத்தனைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்தது பங்குக்காக மட்டுமில்லை. அவர் மனைவி ஆரோக்கியம் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். ஒரே மகன் ஜெர்சன் பட்டாளத்தில் சேர்ந்து எல்லைக்குப் போனபோது, அவன் உடம்பில் ஒரு கீறல் விழாமல் திரும்ப வேண்டும் என்று, தொடர்ந்து மூன்று பெரிய வெள்ளி செருப்பில்லாமல் உச்சிவரை ஏறுவதாக நேர்ந்துகொண்டாள். இரண்டு வருஷம் ஏறிவிட்டாள். இது மூன்றாவது. நடுவில் விட்டுப்போனால் நேர்ச்சை செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அவள் கணக்கில் சாமியார்கூடக் கை வைக்க முடியாது.

கேட்டில் காவல் நின்ற சிப்பாய் வடக்கத்திப் பையன். அனுமதிக் கடிதத்தைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான், எல்லாம் சரி என்று தலையாட்டினான். ஆட்டிவிட்டு, பின்னாலிருந்த கம்பத்தைக் காட்டினான். உச்சியில், சுடும் நேரத்தில் ஏற்றி வைக்கும் சிவப்புக் கொடி பறந்தது.

“பயரிங் இல்ல. லீவு,” என்றான் அரைகுறைத் தமிழில். “ஆனா கொடி இருக்கு. கொடி இருந்தா உள்ள போகக் கூடாது.”

விசாரித்ததில் விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம்வரை சுட்டிருக்கிறார்கள். முடிந்ததும் கொடியை இறக்க வேண்டியவர் ஒரு ஹவில்தார். மறுநாள் பெரிய வெள்ளி விடுமுறை என்ற அவசரத்தில் அவர் இறக்காமலேயே ஊருக்குப் போய்விட்டார். இறக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுந்தான். ஆக, பெரிய வெள்ளி என்பதால் சுடவில்லை. பெரிய வெள்ளி என்பதாலேயே உள்ளே விடவும் முடியாது.

மைக்கேல்ராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று பங்குச் சாமியாரை வைத்துக்கொண்டே கத்தினார். கடிதம் கொடுத்த அதிகாரிக்குப் போன் போட்டார். அவர் மேலதிகாரியைக் கேளுங்கள் என்றார். மேலதிகாரி, அது கேட்டில் இருப்பவர் முடிவு என்றார். சிலுவைப் பாதையின் முதல் தலத்தில் இயேசுவுக்குத் தீர்ப்பிட்டுவிட்டுப் பிலாத்து ஒருவன்தான் கைகழுவினான். இங்கே வரிசையில் நின்று கழுவினார்கள். நானே கொடியை இறக்குகிறேன், கயிறு எங்கே என்று மைக்கேல்ராஜ் கம்பத்தை நோக்கி நடந்தபோது, சிப்பாய் வந்து குறுக்கே நின்றுகொண்டான். அவன் முகமும் வியர்த்துத்தான் இருந்தது.

வெயில் ஏறியது. கோயில் வளாகத்திலேயே சிலுவைப் பாதையை முடித்துக்கொள்ளலாம் என்று சாமியார் சொல்ல, ஜனங்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்கள். ஆரோக்கியம் மட்டும் நகரவில்லை. சுடுமண்ணில் வெறுங்காலோடு, கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கால் மாற்றி மாற்றி நிற்பதை மைக்கேல்ராஜ் பார்த்தார்.

என் பேரைச் சொல்லி யாரிடமும் எதையும் கேட்காதீங்கப்பா என்று ஜெர்சன் கிளம்பும்போதே சொல்லியிருந்தான். இதுவரை அவர் கேட்டதில்லை. இப்போது பொறுமை அற்றுப்போய் அவனுக்கே போன் போட்டார். லேசில் லைன் கிடைக்காதவன் அன்றைக்கென்று உடனே எடுத்தான். சிப்பாய் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். உன் ஆளுகளிடம் நீயே இந்தியில் சொல்லு, உங்கம்மா நேர்ச்சை என்று சொல்லு என்றார்.

“கொடி ஏறியிருக்காப்பா?” என்றான் ஜெர்சன்.

“ஏறியிருக்கு. ஆனா சுடலடா. அவனே சொல்றான்.”

“ஏறியிருந்தா விடக் கூடாதுப்பா. அந்த எடத்துல நான் நின்னாலும் விட மாட்டேன்.”

“ஒங்க அம்மாவையுமா?”



“அம்மாவத்தான் மொதல்ல விட மாட்டேன்,” என்றான்.

 பெற்ற பிள்ளையே கேட்டைச் சாத்தினால் யாரிடம் போய் முறையிடுவது? ஆரோக்கியம் போனை வாங்கி, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள். அவன் ஒரு காவல் மேட்டின் மேலிருந்து பேசுவதாகச் சொன்னான், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியிலிருந்த பெரிய வெள்ளிக் கஞ்சியில் ஒரு தம்ளர் ஊற்றிவந்து சிப்பாயிடம் நீட்டினாள். அவன் வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு வாங்கிக் குடித்தான்.

“இவன்கிட்ட கத்துனது போதும்,” என்றாள் புருஷனிடம். “நம்ம பய கேட்டுலயும் இன்னைக்கு எவனாச்சும் வந்து கத்திட்டுத்தான் போயிருப்பான்.”

“கத்தாம? மூணாவது வருசம் போச்சேடி. இனி மறுபடி மொதல்ல இருந்துல்ல ஏறணும் நீ.”

“ஏறுறேன். மறுபடி மூணு வருசம்.” அவள் பாறையைப் பார்த்தபடியே சொன்னாள். “அம்புட்டு வருசமும் அவன் நல்லா இருந்துதானே ஆகணும்.”

மூன்று வருஷம் என்றால் இன்னும் மூன்று அனுமதி, மூன்று உறுதிமொழி, மூன்று தடவை அந்தச் சிலுவையை அளக்க வேண்டும். நினைக்கும்போதே மைக்கேல்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயோடு சிப்பாயிடம் போய், அடுத்த வருஷத்து அனுமதிக்கு ஆபீஸ் எப்போது திறப்பார்கள் என்று கேட்டார்.