பூக்கும் நேரத்தில் விருந்தாளிகள்

செடி வளர்ப்பறையின் எச்சரிக்கை மணி வீறிட்டது. அதே நேரம் கரம்பொன் ஆய்வுகூட வாசலில் விருந்தாளிகளின் வான் வண்டியும் வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்திருக்கும் இவர்கள் நிதிக்குக் கையெழுத்திட்டால்தான் ஆய்வுகூடம் அடுத்த ஐந்து வருடம் நடக்கும்.

ஆய்வு மாணவி நிலாந்தி மேலே விளக்கைப் பார்த்தாள். கரண்ட் போய்விட்டது. உள்ளே அவளுடைய இருபத்திரண்டு நெற்செடிகள் இன்றைக்குத்தான் பூத்திருந்தன. உவர் மண்ணில் தப்பிய ஒரே செடி கொடுத்த இருபத்திரண்டு மணிகளையும் அவள் விதைத்துவிட்டாள். கையில் வேறு விதை இல்லை. மூன்று வருட உழைப்பும் பட்டமும் அந்தக் கதிர்களில்தான். பூக்கும்போது ஒரு மணித்தியாலம் சூடு ஏறினால் மகரந்தம் செத்துவிடும். செடி மட்டும் பச்சையாகவே நிற்கும்.

பின்பக்கம் ஓடினாள்.

"அப்புத்துரை அண்ணை, ஜெனரேட்டர் போடேல்லையே?"

"போட்டிட்டன் பிள்ளை. கூட்ட அறை ஏசிக்குக் குடுக்கச் சொல்லி சேர் சொன்னவர். ரெண்டையும் இழுக்க இதென்ன கப்பல் எஞ்சினோ?" பணியாளர் அப்புத்துரை மணியின் வயரைக் கழற்றினார். சத்தம் அடங்கியது.

பேராசிரியர் சோமநாதன் எட்டிப் பார்த்தார். "நிலாந்தி, வாரும். வந்து வரிசையில நில்லும்."

"சேர், வளர்ப்பறை..."

"பத்து நிமிசம். வந்த ஆக்களை வேர்க்க விட ஏலுமோ?"

சோமநாதனுக்கு அறிமுகம் என்றால் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியைக் காட்டுவது மாதிரி. ஒருவரையும் லேசில் விடமாட்டார்.

"இவர் அனோஜன். பூமொட்டை நுணுக்குக்காட்டியில பாத்து எந்தக் கலம் எப்ப பிரியுமெண்டு சொல்லுவார். தன்ர கலியாணம் எப்பவெண்டு கேட்டால் தெரியாது."

சிரிப்பு எழுந்தது. கூட்ட அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வளர்ப்பறையின் வெப்பமானி முப்பத்துநான்கு காட்டியது.

"இவ கஜாலினி. வேர்நுனி வெட்டுறவ. ஒரு தலைமயிரை நாலாப் பிளப்பா."

"எட்டு, சேர்," என்றாள் கஜாலினி.

முப்பத்தேழு. நிலாந்தி மெல்ல நகர்ந்தாள். "அசையாதையும், சேர் பாக்கிறார்," என்று அனோஜன் முணுமுணுத்தான்.

விருந்தாளிகள் குழுவின் தலைவி விமலாம்பிகை கேள்விமேல் கேள்வி கேட்டார். சோமநாதன் ஆய்வுகூடத்துக்குக் கிணறு வெட்டிய கதையிலிருந்து தொடங்கினார். தேத்தண்ணி வந்தது. தகரக் கூரையில் வெயில் ஏறியது. நாற்பது. நாற்பத்தொன்று. ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டது.

"இவதான் நிலாந்தி. எங்கட உப்புநெல்லின்ர தாய்."

வளர்ப்பறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன.

"என்ன வடிவு!" என்றார் விமலாம்பிகை. கைபேசிகள் படம் எடுத்தன.

நிலாந்தி ஒரு கதிரைத் தொட்டாள். விரலில் மகரந்தத் தூசு ஒட்டவில்லை. மகரந்தப் பைகள் திறக்காமலே காய்ந்திருந்தன.

"மேடம், இந்தச் செடியள்..."

"கொஞ்சம் கூச்சம் அவவுக்கு," என்று சோமநாதன் இடையில் புகுந்தார். "வெளிக்கிடுங்கோ, குறிகட்டுவான் துறையில வள்ளம் போயிடும். நயினாதீவில பூசை பாக்கவேணுமெல்லோ?"

வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நிலாந்தி சோமநாதன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் செத்திட்டுது சேர். இண்டைக்குப் பூக்குதெண்டு காலமை உங்களுக்குச் சொன்னனான். மறந்துபோனியளோ?"

சோமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறக்கேல்லைப் பிள்ளை. பதரெண்டு தெரிய ஒரு மாசம் செல்லும், அதுக்குள்ள அவையள் கையெழுத்து வைச்சிடுவினம்."