ஆதாரம்: அக்கா

"எழில், சொற்பட்டியல்ல ஆதாரம்னு கேட்ட கட்டத்துல, நாப்பத்தோரு எடத்துல 'அக்கா'ன்னு இருக்கு. எந்த அக்கா?"

கேட்டது மானசா. எங்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவள்.

"எங்கக்காங்க."

பக்கத்து மேசை நஞ்சுண்டன் வாயிலிருந்த டீயை விழுங்கப் பட்ட பாட்டைப் பார்க்கணுமே!

தண்ணீர் மோட்டாருக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் மென்பொருளில் ஒரு சௌகரியம். ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் தேர்ந்தெடுத்து இரண்டு விசையைத் தட்டினால், ஒரு கேள்வி கேட்காமல் பொதுப் பட்டியலில் ஏறிவிடும். மறுபடி அந்தச் சொல் வந்தால் ஆறு பேர் திரையிலும் தானாக எட்டிப் பார்க்கும். ஆதாரத்தை ஒருதடவை எழுதிவைத்தால் போதும், ஏற்றுகிற எல்லாச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். காலையில் அவசரத்தில் 'அக்கா' என்று அடித்தேன். அப்புறம் மறந்துபோட்டேன்.

அக்கா அன்புச்செல்வி, கணபதியில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறாள். அவள் போனில் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன்.

"அகராதி பேரோ கம்பெனி பேரோ இல்லாம செல்லாது. நாலு மணிக்குப் பட்டியலைப் பூட்டணும். இதை அழிச்சுட்டுப் பழசையே போட்டுடறேன்."

பழசு என்றால் அகராதிச் சொற்கள். காயிலுக்குச் 'சுருணை'. தண்ணியில்லாமல் மோட்டார் ஓடினால் 'உலர் ஓட்டம்'.

மணி மூன்று நாற்பது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் அக்கா. நான் படிக்கட்டும் என்று பட்டறைக்குப் போனாள். பட்டம் என் பேரில் இருக்கிறது. இந்த நாற்பத்தொரு சொல்லாவது அவள் பேரில் இருக்கட்டுமே.

"அகராதி எழுதினவங்க மோட்டாரைக் கழட்டிப் பாத்தாங்களா? நீங்களே கேளுங்க." அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, உலர் ஓட்டம்னா என்னன்னு தெரியுதுங்களா?" மானசா மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தெரியலீங்களே அம்மணி."

"தண்ணியில்லாம மோட்டார் ஓடறது."

"அட, அதுங்களா! தண்ணி உள்ள போகாம தடுக்கற சீல் போயிருமுங்க, அப்புறம் காயில் கருகிரும். வாரத்துக்கு நாலு மோட்டார் அப்படித்தான் எங்க மேசைக்கு வருது. பொஸ்தகத்துல என்னமோ எழுதியிருந்துதாமா, படிச்சவங்களுக்குப் புரியலையாமா. நீங்க புரியறாப்புல போட்டுருங்க. எங்களுக்கு வேலை கொறைஞ்சாலும் பரவால்லீங்க."

மானசா நாற்காலியை என் திரைப்பக்கம் இழுத்துப் போட்டாள்.

"முழுப் பேரு, தொழில், ஊர், எத்தனை வருஷம். எல்லாம் போடுங்க. வெறும் அக்கா வேண்டாம்."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்றையும் ஒரே தட்டில் மாற்றினேன். நாலு மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொண்டது. கொஞ்சத்தில் நஞ்சுண்டன் திரையில் 'காயில்' எட்டிப் பார்த்தது. அதன் அடியில் பொடி எழுத்தில்: மா. அன்புச்செல்வி, காயில் கட்டுபவர், கணபதி, 12 வருடம்.

படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"எம் பேரை எதுக்குப் புள்ள போட்டே? வர்றப்ப தயிர் வாங்கிட்டு வா" என்று பதில் வந்தது.

நான் வீட்டுக்குப் போகும்போது அக்கா, பக்கத்து ஊட்டு அம்புஜத்திடம் போனை நீட்டி, இரண்டு விரலால் அந்தப் பொடி எழுத்தைப் பெரிசாக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தாள்.

"தயிர் எங்கே?"

மறந்துபோட்டேன்.