முப்பத்தேழிலிருந்து கீழே

37

இந்தக் கதை ஒரு திறந்த கதவிலிருந்து பிறந்தது. திறந்தவன் நான். [முதல் வரைவில் "கதவு சரியாகச் சாத்தப்படவில்லை" என்று எழுதியிருந்தேன், ஏதோ கதவுக்குத்தான் புத்தியில்லை என்பதுபோல.]

கண்டியில் ஆய்வு செய்யும் என் தங்கை லோஜினி, என்னைத் தன் ஆய்வுகூடத்தில் இருத்தி, எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போயிருந்தாள். நான் இன்குபேட்டரை, அதாவது உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியை, திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். முகப்பில் 37 பாகை என்றிருந்தது 36 ஆனது. ஒரு கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? குறிப்பேட்டை எடுத்தேன்.

36

கொஞ்சம் விஞ்ஞானம், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத பொலிமர்ப் பூச்சு. உடம்புச் சூட்டில் அது சுருங்கியிருக்கும். தோலின் உயிர்க்கலங்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். முப்பத்திரண்டு பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அதுவே நீரைக் குடித்து உப்பி, பிடியை விட்டுவிடும். கலங்கள் நன்றாகக் கைகோத்து வளர்ந்திருந்தால் கத்தி படாமல் ஒரே தாளாகக் கழன்று வரும். ஒருநாள் தீக்காயத்தின் மேல் போர்த்தலாம்.

நன்றாக வளர இன்னும் நாலு நாள் இருந்தது. நான் கதவைத் திறந்துவைத்தபடியே இருபது நிமிடம் எழுதினேன்.

35

"பனி மூடிய கண்டி மலைகளின் மடியில், வெள்ளை அங்கி அணிந்த ஓர் இளம்பெண்—"

வேண்டாம். அவள் அங்கியில் சாயம் கொட்டிய கறை இருக்கிறது. அடுத்த வரைவில் அவளை அழவைத்தேன். அதுவும் பொய். உண்மையில், திரும்பி வந்தவள் கதவைச் சாத்தினாள். "பரவால்ல அண்ணே" என்றாள். வியாழக்கிழமை மேற்பார்வைக் குழுவுக்கு அந்தத் தாள்களைக் காட்டினால்தான் ஆய்வை நீட்டிப்பார்கள். தாள்கள் என்னவாயின என்று மூன்று நாளாகக் கேட்கிறேன். மூன்று நாளாகப் "பரவால்ல".

34

ஆய்வுகூட உதவியாளர் பஹீமிடம் கேட்கலாம் என்று குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். அவர் இன்குபேட்டரின் முதுகைக் கழற்றி வைத்திருந்தார். தாள்களைப் பற்றிக் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கிறேனா என்று கேட்டார். மறுபடி கேட்டேன், சீனி போடவா என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "கதவு தொறந்தா அலாரம் கத்தணும். ஏன் கத்தல்லன்னு ரெண்டு நாளா தேடுறன். மெஷின பாக்குற பொறுப்பு என்ட."

நான் தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி கேட்டேன்.

33

கதைக்கு மூன்று முடிவுகள்:

அ) தாள்கள் பட்டுப்போல முழுசாகக் கழன்றன. என் முட்டாள்தனம் ஒரு கண்டுபிடிப்பானது. குழு கைதட்டியது. (இதை மட்டும் ஐந்து முறை திருத்தி எழுதினேன்.)

ஆ) தாள்கள் கிழிந்தன. அண்ணன் மனமுருக மன்னிப்புக் கேட்டான். தங்கை

இ) வாசகரே, உங்கள் விருப்பப்படி.

மூன்றிலும் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இதோ: அலாரம் கத்தியது. நன்றாகவே கத்தியது. எழுத விடாமல் படுத்தியதால் பொத்தானை அமுக்கி நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

32

இதுவரை எழுதியதைப் புதன்கிழமை கன்டீனில் லோஜினியிடம் நீட்டினேன். என் நகைச்சுவைகளில் ஒன்றுக்கும் அவள் சிரிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் போனை எடுத்து, கழற்றிய மெஷினைத் திரும்பப் பூட்டும்படி பஹீமுக்குச் சொன்னாள். அதில் பழுது ஒன்றும் இல்லையாம், பழுது இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கிறதாம்.

பிறகு என் பேனாவை வாங்கி (அ)வை அடித்தாள். (இ)யையும் அடித்தாள். (ஆ)வில் பாதியில் நிற்கும் வாக்கியத்தில் பேனா நின்றது.

"தங்கச்சி, தாளுங்க என்னாச்சு?" என்றேன், ஐந்தாம் முறையாக.

"ஆறும் கிழிஞ்சு போச்சு, அண்ணே. நாளைக்குக் காட்ட எங்கிட்ட ஒன்னும் இல்ல. உங்க மேல எனக்கு ரொம்பக் கோபம்."