வீடு சந்திப்பு நோட்டு

பழைய போதகர் ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம் இருந்தபோதே புதியவர் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு சூட்கேஸ், ஒரு தோள்பை, மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. சபை அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தார், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார்.

"இந்தச் சாவியெல்லாம் யார்கிட்ட இருக்குக்கா?"

வந்ததும் வராததுமாகச் சாவியைக் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் பழைய போதகர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வந்தவர் எப்படிம்மா?"

"நல்லாத்தான் பேசறாரு ஐயா."

"பேசுவார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுலயும் பாதி சொன்னாப் போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள். அம்மா செத்தபோது பதினோரு நாள் தொடர்ந்து வீட்டுக்கு வந்து, எதுவும் பேசாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர் அவர். அவர் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டால் காரணம் இருக்கும்.

அன்று முதல் புதியவர் மேல் ஒரு கண் வைத்தாள். அவர் பதிவேடுகள் இருக்கும் தட்டுகளைப் போனில் படமெடுத்தார். வராந்தாவின் கோடிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் யாருடனோ பேசினார். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் பக்கத்தில் போனாள். "இல்ல, இங்க யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க," என்றது காதில் விழுந்தது. மேலிடத்துக்குக் கோள் மூட்டுகிறார் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வாரம் புதியவர், அவளையும் பழையவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டார்.

"ஐயா, வீடு சந்திப்பு நோட்டு ஒண்ணு இருக்குமே? யார் படுக்கையில இருக்காங்க, யார் வீட்டுக்கு உடனே போகணும்னு பாத்துக்கலாம்."

அப்படி ஒரு நோட்டு இருந்தது. பழுப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தாயிடம் மகளைப் பற்றிக் கேட்கக் கூடாது, எல்லாம் அதில்தான்.

"அது தொலைஞ்சு ஒரு மாசமாச்சு தம்பி. தேடாத இடமில்ல," என்றார் பழையவர்.

புதியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்கய்யா," என்று போய்விட்டார்.

"எடுத்தவங்களுக்குத் தெரியும்," என்று பழையவர் முணுமுணுத்தார். யார் என்று சொல்லவில்லை. சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால்தான் புதியவர் தான் தங்கப்போகும் குடியிருப்பைப் பார்க்க ஒருநாள் வந்து போயிருந்தார். அவள் மனம் தானாகவே கணக்குப் போட்டது.

மறுநாள் புதியவர் முகம் கழுவப் போன நேரத்தில் அவள் அந்தத் தோள்பையைத் திறந்தாள். வேதப் புத்தகம், மாத்திரை அட்டை, மடித்த தாள் ஒன்று. நோட்டு இல்லை. தாளில் பொடி எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது: 'மூன்றாவது பெஞ்சு, ஊன்றுகோல். பெயர்? பச்சைக் குடை, தனியாக வருகிறார். ஏன்?'

"உளவு பாக்கற மாதிரி ஒவ்வொருத்தரைப் பத்தியும் குறிப்பெழுதி வச்சிருக்காருங்க," என்று வீட்டில் கணவனிடம் பொருமினாள்.

தையல்காரரான அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "அவர் உளவு பாக்கறாருன்னு நீ உளவு பாத்தியாக்கும்? தப்பான உத்தியோகத்துக்கு வந்துட்டடி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. நடமாட முடியாத ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவருக்கு வியாழன்தோறும் போதகர் வீட்டுக்கே போய்த் திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுப்பது வழக்கம். இரண்டு வியாழன் யாரும் போகவில்லை. நர்ஸம்மா போன் செய்தார். "நான் இன்னும் சாகலைன்னு புது ஐயாகிட்ட சொல்லும்மா."

பழையவரிடம் சொன்னபோது, "இனி அது அவர் பொறுப்பும்மா," என்று கையை விரித்தார். அவள் புதியவரிடம் போகவில்லை. கூட்டுகிற அம்மாவிடம் சொன்னாள், பாடகர் குழுவில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவியது: ஈவிரக்கம் இல்லாத ஆள்.

பிரிவுபசாரக் கூட்டத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், பழையவரின் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை அவளுக்கு. 'சொந்தப் புத்தகங்கள்' பெட்டி மூடவில்லை. மேலே இருந்த நான்கைந்தை எடுத்து அடுக்கி வைக்கப் பார்த்தாள். அடியில் பழுப்புத் துணி அட்டை தெரிந்தது.

தவறுதலாகப் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அவருடைய சாய்ந்த கையெழுத்து. 'மரவேலைக்காரர் வீடு. தம்பி மறுபடி குடிக்கிறான். அண்ணிக்கு மட்டும் தெரியும்.' தேதி, நான்கு நாளைக்கு முந்தியது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர் பையைத் துழாவிய கை தன்னுடையது என்று நினைக்கவே கூசியது.

பீடத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் பழையவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நோட்டை மேசைமேல் வைத்தாள். அவர் பார்த்தார். பொத்தானில் இருந்த விரல் நின்றது.

"ஏன் ஐயா?"

அவர் நோட்டின் துணி அட்டையைத் தடவினார்.

"இருபத்திரெண்டு வருஷம்மா. ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு சாவா உக்காந்து எழுதினது. அவர் ஒரு சாயங்காலம் உக்காந்து படிச்சு முடிச்சுடுவார். அப்புறம் யாருக்கும் நான் வேண்டியதில்ல."

"நர்ஸம்மா ரெண்டு வாரமாக் காத்துக்கிட்டு இருக்காங்க ஐயா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயே அவர்கிட்ட குடுத்துடும்மா. எங்கயோ கெடச்சுதுன்னு சொல்லு."

"நான் ஏற்கெனவே ஊர் முழுக்க ஒரு பொய்யப் பரப்பியாச்சு ஐயா. இன்னொண்ணு என்னால முடியாது. நீங்களே குடுங்க."

அவரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பூமாலை, சுவர்க் கடிகாரம், ஒன்பது பேர் பேச்சு எல்லாம் ஆயிற்று. பலர் அழுதார்கள். கடைசியில் அவர் எழுந்து நோட்டைப் புதியவர் கையில் கொடுத்தார். "என் புத்தகங்களுக்கு நடுவுல இருந்துச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். சபை கைதட்டியது. அவள் தட்டவில்லை.

திங்கட்கிழமை புதியவர் கேட்குமுன்பே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு கிடைத்த விதம், நர்ஸம்மா விஷயம், அவர் பையைத் திறந்தது வரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நர்ஸம்மா வீடு தூரமாக்கா?"

"பக்கம்தாங்கய்யா."

"இப்பவே போவோம். பாடகர் குழுவுக்கு நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேங்கய்யா."

போய்விட்டு வந்ததும் பழையவரின் போன் நம்பரைக் கேட்டார். "இந்தக் கையெழுத்து பாதி புரியல. அவரே படிச்சுச் சொன்னாத்தான் உண்டு."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அரை மணி, முக்கால் மணி. ஒரு தடவை அவர் சிரித்தது கேட்டது. பெருந்தன்மையா, காரியக்காரத்தனமா, கையெழுத்து நிஜமாகவே புரியவில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், தான் நாற்காலியை விட்டு எழுந்து பாதி தூரம் வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று திரும்பிப் போய் உட்கார்ந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைத் தட்டத் தொடங்கினாள்.