டைகருக்கு இரண்டு வாசல்

செம்மலை வளர்க்கும் நாயின் பெயர் துரை. ராஜபாளையம் நாய். எழுந்து நின்றால் செம்மலையின் தோளில் கை போடும். பள்ளத்தூரில் அதைப் பார்த்து ஒதுங்காத ஆளில்லை. ஆனால் துரையே பார்த்து ஒதுங்குகிற ஒரு பிராணியும் அதே ஊரில் இருந்தது. கல்யாணசுந்தரி ஆச்சி வீட்டுப் பொமரேனியன். முழங்காலுக்குக் கீழே நிற்கும் அந்தப் பஞ்சுமூட்டைக்கு டைகர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

காலையில் துரையைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டு முன்வாசலைத் தாண்டினால் போதும், டைகர் பாய்ந்து வந்து துரையின் பின்னங்காலைக் கவ்வும். துரை சங்கடத்தோடு செம்மலையைப் பார்க்கும். செம்மலை ஒரு கையில் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலால் டைகரைத் தடுத்து, நடுத்தெருவில் ஒரு ஆட்டம் ஆடுவார். ஆச்சி வாசலில் நின்றபடியே குரல் கொடுப்பார்.

"அது ஒண்ணும் செய்யாது. நீங்க ஒங்க நாயைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

கடிக்கிற நாய் ஒன்றும் செய்யாதாம், கடி வாங்குகிற நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்! செம்மலைக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்க முடியாது. காரணம், அவர் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் வயிரவன். நாயை வாகனமாக வைத்திருக்கும் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, நாய் என்றாலே நாலடி தள்ளி நிற்கிற மனிதர். ஆச்சிக்குத் தூரத்துச் சொந்தம் வேறு.

"ஒரே ஒரு தடவை ஒங்க நாய் ஆளையோ நாயையோ கடிச்சுச்சுன்னா, அன்னைக்கே அது என் வீட்டை விட்டுப் போயிறணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

துரை திருப்பி ஒரு கவ்வு கவ்வினால் டைகர் தாங்காது. அப்புறம் துரை எங்கே போகும்? ஆறு வருஷமாகத் தன் கட்டிலுக்கடியில் குறட்டை விடுகிற பிள்ளையை எந்தத் தோப்பில் கொண்டுபோய்க் கட்டுவது? அதை நினைத்தாலே செம்மலைக்குச் சோறு இறங்காது.

காலை நடைக்கு ஊருணிக்கரைக்குப் போக இரண்டே தெருக்கள்தான். சரி, பின்தெருவில் போவோம் என்று போனார். அங்கேதான் ஏமாந்தார். ஆச்சி வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே நேர்க்கோட்டில் வரிசையாகக் கதவுகள், எல்லாம் திறந்தே கிடக்கும். டைகர் முகப்பிலிருந்து கிளம்பி, பட்டாலைக் கூடம், வளவு முற்றம் எல்லாம் கடந்து, ஆத்தங்குடிக் கல் தரையில் சறுக்கிக்கொண்டே பின்வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. செம்மலை தெருவைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அது அங்கே இளைப்பாறியே முடித்திருந்தது.

பள்ளத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டபோது அவருக்கு இன்னொன்று நினைவு வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஆச்சி பின்கதவைச் சாத்திவிடுவார். முன்வாசலில் வந்த லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாதல்லவா? செம்மலை அன்றைக்கே நடையைச் சாயங்காலத்துக்கு, பின்தெரு வழியாக மாற்றினார். உள்ளே டைகர் கதவைப் பிறாண்டிக் கத்தும். வெளியே துரை நிமிர்ந்து நடக்கும். இருபது நாள் நிம்மதியாகப் போயிற்று.

இருபத்தோராம் நாள் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. ஆனால் டைகர் கதவுக்கு வெளியே இருந்தது. ஆச்சி கவனிக்காமல் சாத்திவிட்டார் போலும். மூன்று தெருநாய்கள் அதை வளைத்துக்கொண்டு நின்றன. முதுகுக்குப் பின்னால் வீடு இல்லாத டைகரைச் செம்மலை அன்றுதான் பார்த்தார். வாலைச் சுருட்டி, சத்தமே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கே பாவமாகப் போய்விட்டது.

துரையைக் கண்டதும் டைகர் ஒரே ஓட்டமாக ஓடிவந்து அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. செம்மலை பதறினார். இத்தனை நாள் பட்ட கடிக்கெல்லாம் துரை இப்போது பழிவாங்கினால்? சங்கிலியை இழுத்தார். துரை அசையவில்லை. குனிந்து டைகரை ஒரு முறை மோந்தது. பிறகு தலையைத் தூக்கித் தெருநாய்களைப் பார்த்து ஒரே ஒரு உறுமல். மூன்றும் வந்த வழியே போய்விட்டன.

உறுமலைக் கேட்டு, எதிரே இருந்த தன் வீட்டிலிருந்து வயிரவன் ஓடிவந்தார். துரையின் கால்களுக்கு நடுவே டைகரைப் பார்த்ததும் நாலடி தள்ளி நின்று கத்தினார்.

"போச்சு! ஆச்சி நாயைக் கவ்விப்புடுச்சு! நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"கவ்வலைண்ணே. இங்குட்டு வந்து பாருங்க." செம்மலை சங்கிலியை இன்னும் சுருட்டிப் பிடித்தார்.

அப்போது ஆச்சி வீட்டுப் பின்கதவு திறந்தது. விளக்கு வைத்த பிறகு அந்தக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆச்சி மூச்சு வாங்க நின்றார்.

கதவு திறந்ததுதான் தாமதம், டைகருக்கு வீரம் திரும்பிவிட்டது. வயிற்றுக்கடியிலிருந்து வெளியே வந்து துரையின் பின்னங்காலை நறுக்கென்று கவ்வியது. துரை சங்கடத்தோடு செம்மலையைப் பார்த்தது.

"ஆச்சி, அந்தப் பெரிய நாய்கிட்டப் போகாதீக!" என்றார் வயிரவன்.

"சும்மா இரு வயிரவா. மாடிச் சன்னல்லேருந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் ஓடியாரேன்." ஆச்சி டைகரைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, மறுகையால் துரையின் தலையைத் தடவினார். "அது ஒண்ணும் செய்யாது. இந்தப் பயலைத்தான் நான் கெட்டியாப் புடிச்சுக்கிடணும். காலையில முன்வாசல் வழியாவே வாங்க செம்மலை."

செம்மலைக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "கதவைச் சாத்துங்க ஆச்சி, லட்சுமி போயிறப் போறா" என்றார்.

"போனாப் போறா. தொணைக்குத்தான் தொரை இருக்கான்ல, கூட்டியாந்துருவான்" என்றார் ஆச்சி.