லாத்தா கொடுக்காத பொருத்தம்

"எங்க உம்மா என்ன கள்ளச் சரக்கா? யாருக்கும் தெரியாம நேரா ஜெட்டிக்குக் கொண்டு போறதுக்கு?"

"மெதுவா பேசு லா, மஹ்பூபா. மேல லாத்தா இருக்காங்க."

"இருக்கட்டுமே! அவங்கதானே கப்பல்ல தன் இடத்தை எங்க உம்மாவுக்கு விட்டுக் கொடுத்தாங்க? நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ஒளிச்சு வெக்கணும்? இந்த வாசல்ல பாங்கு சொல்லித்தான் எங்க உம்மா ஹஜ்ஜுக்குக் கிளம்பணும். ஆமா, சொல்லிட்டேன்."

"சரி, சரி. இங்கேயே வரச் சொல்லு. வாயை மட்டும் மூடு."

மாடியில் தொப்பி தைத்துக்கொண்டிருந்த லாத்தாவின், அதாவது சிக்கந்தரின் அக்கா ஹபீபா பீவியின் கை அப்படியே நின்றுவிட்டது. பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே பேசுவது ஒரு சொல் விடாமல் மேலே கேட்கும். தம்பி சிக்கந்தரும் அவன் மனைவியும் போடும் சண்டை அவருக்குப் புதிதில்லை. ஆனால் இது புதிது. அவர் யாருக்கும் எந்த இடத்தையும் விட்டுக் கொடுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

அச்சீன் ஸ்ட்ரீட்டில் சிக்கந்தருக்குத் தொப்பிக் கடை. கீழே கடை, மேலே வீடு. ஹபீபா பீவி கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. மஹ்ரமான ஆண்துணை இல்லாமல், அதாவது தகப்பன், மகன், கூடப்பிறந்தவன் என்று யாராவது கூட இல்லாமல், அவர்கள் ஜமாஅத்தில் எந்தப் பெண்ணையும் ஹஜ் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே துணை சிக்கந்தர்தான். "நான் போறப்ப உங்களைக் கூட்டிட்டுப் போறேன் லாத்தா" என்று அவன் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயிருந்தன. இந்த வருடம்தான் ஹஜ் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஷேக்கிடம் சொல்லி இரண்டு பேருக்கும் இடம் பிடித்திருந்தான். ஹபீபா பீவியும் கருவாடு வறுத்து, மாவு இடித்து, எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கப்பல் சாப்பாட்டுக்கு எல்லாம் கட்டி வைத்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை அவன் மாடியேறி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"லாத்தா, ஷேக் கையை விரிச்சிட்டாரு. பொம்பளைங்களுக்கு இந்தக் கப்பல்ல இடம் இல்லையாம். நான் மட்டும்தான் போக முடியும். உங்களுக்கு அழைப்பு வரல போலிருக்கு. அல்லாஹ் நாடல."

ஹபீபா பீவி அழவில்லை. "அவன் நாட்டம் எதுவோ அதுதான் எனக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் இரண்டு ரக்அத் தொழுதார். கட்டி வைத்த கருவாட்டையும் ஊறுகாயையும் தம்பியின் மூட்டையில் சேர்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாவம் பார்த்தபோதுகூட, "என்னைப் பாவம்னு சொல்லாதீங்க, எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றுதான் சொன்னார். உண்மையிலேயே மனசு குளிர்ந்து கிடந்தது. அல்லாஹ் வைத்ததை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டோம் என்று ஒரு நிம்மதி.

இப்போது ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நிம்மதியை நினைத்தாலே உடம்பு கூசியது. அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது தம்பியின் பொய்யை. அதற்கா தொழுதேன், அதற்கா நன்றி சொன்னேன்?

அவன் ஏன் செய்தான் என்பதும் புரியாமலில்லை. கடைக் கட்டடம் மாமியாருடையது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மாமியார் சித்தி ஹாஜராவுக்கும் ஆண்பிள்ளை கிடையாது. மருமகனும் மஹ்ரம்தான். அந்த அம்மா மனம் கோணினால் கடை போய்விடும். லாத்தா மனம் கோணினால் என்ன போகும்?

உடனே கீழே இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். ஹபீபா பீவி கேட்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவன் கிளம்புமுன் ஒவ்வொருவரிடமும் பொருத்தம் கேட்டாக வேண்டும். செய்த தவறை மன்னித்து மனம் ஒப்பி அனுப்புங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்கவேண்டும். அப்போதாவது உண்மையைச் சொல்லுவான் என்று காத்திருந்தார். சிக்கந்தரோ அன்று முதல் கடையிலேயே சாப்பிட்டான். மாடிப் பக்கமே வரவில்லை.

புறப்படும் நாள் காலையில் சித்தி ஹாஜரா ரயிலேறி, பிறைத் துறையில் ஃபெரி பிடித்து வந்து சேர்ந்தார். வாசலில் ரிக்‌ஷாக்கள் நின்றன. தெருவே கூடியிருந்தது. அந்த அம்மா நேரே வந்து ஹபீபா பீவியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"எந்த மவளும் செய்யமாட்டா ஹபீபா, நீ செஞ்சே. உன் இடத்தை எனக்குக் கொடுத்திட்டியே! கஅபாவைப் பார்த்ததும் மொத துஆ உனக்குத்தான். நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா பொருந்திக்கம்மா."

சிக்கந்தரின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் உடைந்துவிடும். ஹபீபா பீவி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளம் இல்லை.

"பொருந்திட்டேன் மாமி. நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார்.

அடுத்து தம்பி வந்தான். கையை நீட்டினான்.

"லாத்தா... பொருந்திக்குங்க."

"எதுக்குப் பொருந்தணும்? சொல்லு."

"எல்லாத்துக்கும்தான்." குரலைத் தாழ்த்தினான். "என்ன செய்றது லாத்தா, அல்லாஹ் எழுதினபடிதானே நடக்கும்."

ஹபீபா பீவியும் அவனுக்கு மட்டும் கேட்கும்படிதான் பேசினார்.

"நான் போகக்கூடாதுன்னு அல்லாஹ் எழுதியிருந்தா அதுக்கு நான் சம்மதம், இப்பவும் சம்மதம். ஆனா நீ செஞ்சதைத் தூக்கி அவன் தலையில போடாதே. நான்தான் பொய் சொன்னேன் லாத்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. இங்கேயே பொருந்திடுறேன்."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு லாத்தா" என்றான்.

நீட்டிய கையை ஹபீபா பீவி பிடிக்கவில்லை. வழியனுப்ப வாசலில் பாங்கு சொன்னார்கள். ரிக்‌ஷாக்கள் ஜெட்டிப் பக்கம் திரும்பின.

எதிர் வீட்டு நாகூர் மீரானுக்குத் தாங்கவில்லை. "என்ன பொம்பள நீ? ஹஜ்ஜுக்குப் போறவன் கையை நீட்டுறான், மரம் மாதிரி நிக்கிறே! உனக்குக் கிடைக்கலன்னு பொறாமையா? எல்லாம் அவன் செயல்னு பேசினதெல்லாம் வாயோடதானா?"

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஹபீபா பீவி பதில் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சொல் சித்தி ஹாஜராவின் காதுக்கு என்றைக்காவது போகும். அந்த அம்மாவின் ஹஜ் மனதில் முள்ளோடு முடியக் கூடாது.

மாடிக்குப் போய்த் தொழுதுவிட்டுக் கையேந்தினார். "யா அல்லாஹ், நீ வெச்சதுக்கு நான் பொருந்திட்டேன்" என்று சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. தம்பிக்காக, கப்பல் கவிழாமல் போய்ச் சேரட்டும் என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் வரவில்லை.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அல்லாஹ்வின் நாட்டத்தை மனதார ஏற்றுக்கொண்டவர், அந்த நாட்டத்தின் பேரைச் சொல்லி ஏமாற்றியவனையும் பொருந்தித்தான் ஆக வேண்டுமா? ஹபீபா பீவி அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டுமா, வேண்டாமா? சும்மா தலையாட்டிவிட்டுப் போகாமல், உங்கள் மனதில் பட்டதை எனக்குப் பதிலாக எழுதுங்கள்.