ஆம்பிக்கு ஐந்து வயது

"உங்க அத்தைகிட்ட கேட்டீங்களா இல்லையா?" என்று அன்றைக்கு ரோடா கேட்டாள்.

"கேக்கணும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. நேத்து தையல் கூட்டத்துல ரெண்டு பாட்டிங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஆம்பியோட சுருட்டை முடியை நீதானே சீவி விடணும்னு ஒருத்தி கேக்குறா. அவனுக்கு ரொட்டியைப் பால்ல ஊற வெச்சுக் குடுன்னு இன்னொருத்தி சொல்லித் தர்றா."

"நீ என்ன சொன்னே?"

"சீவுறதுக்கு அங்க முடி எங்க இருக்குன்னு கேட்டேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "உங்களைக் கட்டிக்க எனக்குச் சம்மதம். ஆனா அந்தப் பையனையும் சேர்த்துக் கட்டிக்க முடியாது. கதையை முடிக்கச் சொல்லி அத்தைகிட்ட கேளுங்க. கேட்டுட்டு வந்து எங்க அப்பாவைப் பாருங்க."

கடற்கரை ஊருக்குப் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்தபடி ஆம்ப்ரோஸ் ஹாலம் இந்தப் பேச்சை மறுபடியும் நினைத்துப் பார்த்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. பீங்கான் சூளைகள் புகையும் ஊர் ஒன்றில் உதவிக் குருவாக இருந்தான். முன்னந்தலையில் ஏற்கெனவே வழுக்கை ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலெல்லாம் அவன் தொடர்கதையில் வரும் ஐந்து வயது ஆம்பி. அந்தக் காலத்துச் சின்னப் பையன்கள் எல்லோரையும் போலக் கவுன் போட்டுக்கொண்டு, வாத்துக்குத் தீனி வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்குப் புத்தி வரும்படி ஏதாவது சொல்லிக்கொண்டு, பத்தொன்பது வருஷமாக அதே வயதில் இருந்தான்.

எழுதியவள் அவனுடைய அத்தை தியோடோசியா. தாயில்லாப் பிள்ளையை, கப்பலோடு போய்விட்ட அண்ணனுக்காக வளர்த்தவள். ஏழு வயதில் அவனுக்குப் பெட்டி கட்டி விடுதிப் பள்ளிக்கு அனுப்பினாள். அந்த வாரமே எழுத உட்கார்ந்தாள். முதல் அத்தியாயம் அவனுக்குப் போட்ட கடிதம்தான். பிறகு அது பத்திரிகைக்குப் போயிற்று, புத்தகமாயிற்று. முதல் பக்கத்தில் 'என் அண்ணன் மகன் ஆம்ப்ரோஸ் ஹாலமுக்கு' என்று அவள் ஆசையாக அச்சிட்டதால், அவன் எங்கே போனாலும் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் முகம் இளகிவிடும். பிரசங்க மேடையில் ஏறினாலும் அதேதான். பாவத்தின் சம்பளத்தைப் பற்றி அவன் பேசுவான். முன்வரிசைப் பெண்கள் கண்கள் பளபளக்க, வாத்து எப்போது வரும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதையில் ஆம்பி மட்டும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அவனுக்கு இருமல் வந்துவிடும். இல்லாவிட்டால் வெள்ளத்தில் பாலம் உடைந்துவிடும். ஒரு வருஷம் பெட்டியே தொலைந்துபோயிற்று.

கிறிஸ்துமஸ் இதழ் நவம்பர் முதல் வாரம் அச்சுக்குப் போகும். அதற்கு முன்னால் அக்டோபரில் ஆம்ப்ரோஸ் ஊருக்கு வந்து அத்தியாயத்தைக் கேட்க வேண்டும் என்பது அத்தை வீட்டு வழக்கம். அவள் வாசிப்பாள். "ஒரு பையன் இப்படிச் சொல்லுவானாடா?" என்று கேட்பாள். அவன் யோசித்துப் பதில் சொல்வான். ஒன்பது அக்டோபர்களாக அவன் கேட்க நினைத்ததைக் கேட்காமலே ரயிலேறித் திரும்பியிருக்கிறான்.

இந்தத் தடவை கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பியிருந்தான். போன மாதம் நடந்த ஒன்று மட்டும் இடையில் வந்து நின்றது.

சூளைத் தொழிலாளி டன்னிக்ளிஃபின் ஆறு வயது மகன் ஈனக் விஷக்காய்ச்சலில் இறந்துபோனான். அடக்க ஆராதனை முடிந்து, மண் போடும் நேரத்தில், பையனின் தாய் ஆம்ப்ரோஸின் அங்கியைத் தொட்டாள்.

"ஐயா, ஆம்பி தூங்கப் போறப்ப சொல்ற ஜெபத்தைச் சொல்லுவீங்களா? எங்க பையன் அதைச் சொல்லாம படுக்க மாட்டான்."

ஜெபப் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையை அங்கே சொல்லக் கூடாது. மூத்த குரு பத்தடி தள்ளித்தான் நின்றார். ஆனால் அந்த ஜெபம் ஆம்ப்ரோஸுக்கு மறக்க முடியாதது. அத்தை கற்பனை செய்ததல்ல, ஐந்து வயதில் அவனே உண்டாக்கியது. 'ஆண்டவரே, காலையில் என்னைச் சீக்கிரம் எழுப்பிவிடும், வாத்துக்குப் பசிக்கும்.' குழியைப் பார்த்தபடி அதைச் சொல்லி முடித்தான். மூத்த குரு அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்தத் தாய் கிளம்பும்போது அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நல்லா வளந்துட்டீங்க ஐயா. தலையெல்லாம் கொட்டிப் போச்சு," என்றாள். "இவனும் அப்படி வளந்திருப்பான்."

அத்தை வீட்டில் கணப்புக்கு முன்னால் தேநீர் தயாராக இருந்தது. நீளக் கம்பியில் ரொட்டியைக் குத்தி நெருப்பில் வாட்டிக்கொண்டே அத்தை அவனை வரவேற்றாள்.

"இளைச்சுட்டே. அந்த ஊர்ல உனக்கு என்னதான் போடுறாங்க, புகையா?"

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தை."

"உக்காரு. வாசிக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளு." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கடிதத்தைப் பிரித்தாள். "நம்ம பதிப்பாளர் கார்பட் எழுதியிருக்கார். கிறிஸ்துமஸ் இதழ்ல ஆம்பி சாகணுமாம்."

ஆம்ப்ரோஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பன்னெண்டு பக்கத்துக்குச் சாகணுமாம். ஜன்னலுக்கு வெளியே பனி விழணும், தூரத்துல பாட்டுக் கேக்கணும், எல்லாரும் மண்டி போடணும். போன வருஷம் மூணு பத்திரிகையில மூணு பிள்ளைங்க செத்துச்சு, மூணும் பிரமாதமா வித்துச்சு, நாமதான் பின்தங்கிட்டோம்னு வருத்தப்படுறார். நல்ல மனுஷன். அவருக்கு வீட்டுல ஏழு பிள்ளைங்க, ஒண்ணுக்குக்கூட ஒரு தும்மல் வந்ததில்லை." கடிதத்தை மடித்தாள். "மாட்டேன்னு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் தபால்ல போடலை. நீ என்ன சொல்றே?"

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். கார்பட் அவன் வேலையைத் தானே செய்து முடித்திருந்தார். ரோடாவின் அப்பாவை அடுத்த வாரமே போய்ப் பார்க்கலாம். பாட்டிகள் நாலு மாதம் அழுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

ஆனால் ஈனக்கின் தாய் அந்த இதழையும் வாங்குவாள். வாங்கிப் படிப்பாள்.

"சாகடிக்க வேண்டாம்," என்றான்.

"அதானே." அத்தை உறையை எடுத்து நாக்கால் நனைத்து ஒட்டினாள். அவள் விரல்களில் மை படிந்த இடம் காய்த்துப்போயிருந்தது. முகத்தில் ஒரு நிம்மதி. அதைக் காட்டிக்கொள்ளாமல் காகிதக் கட்டை மடிக்கு இழுத்தாள். "சரி, கேளு. இந்தத் தடவை ஆம்பிக்கு அம்மை. லேசாத்தான். பள்ளிக்கூட வண்டி வாசல் வரைக்கும் வந்துட்டு, விஷயம் தெரிஞ்சதும் திரும்பிடுது. வண்டிக்காரன்கிட்ட இவன் ஜன்னல் வழியா ஒண்ணு சொல்றான். அதைப் பையன் சொல்ற மாதிரி இருக்கான்னு நீதான் சொல்லணும்."

வாசிக்கத் தொடங்கினாள். நாலு வரி போயிருக்கும். அவன் குறுக்கிட்டான். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாசிக்கும்போது அவன் குறுக்கிட்டதில்லை.

"அத்தை."

"என்னடா? அம்மை வேண்டாமா? கணுக்கால் சுளுக்குன்னு மாத்திடலாம்."

"அது இல்ல."

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவன் மறுபடியும் கோப்பையை எடுத்தான். அதில் தேநீர் இல்லை. திரும்ப வைத்தான்.

"வண்டியைத் திருப்பி அனுப்பாதீங்க அத்தை," என்றான். "இந்தத் தடவை அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்க."